பெல்ட் எந்தச் சங்கத்துக்குச் சொந்தம்?

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு மண்டபம். அது இரண்டு ஊர்ச் சங்கங்களுக்குப் பொது. ஊர் ஒன்றுதான், சங்கம் இரண்டு: கிழக்கு, மேற்கு. அதே ஊரின் கனடாக் கிளை, பனியை வாரி வீசும் மெஷின் வாங்கிவிட்டதென்று செய்தி வந்தது. லண்டன்காரரின் மானம் கப்பலேறாமல் இருக்கக் கிழக்குச் சங்கம் தோட்ட டிராக்டர் ஒன்றை அன்பளிப்புச் செய்தது. அதன் முன்னால் பூட்டும் பனி வீசியை மேற்குச் சங்கம் கொடுத்தது. மெஷின் நிற்கும் வளவில் மண்வெட்டி பாவிப்பது கௌரவக் குறைவு என்று தீர்மானமும் நிறைவேறி, மண்வெட்டிகள் சகல மரியாதைகளுடனும் வெளியேற்றப்பட்டன.

1991 மாசியில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்த வளவில் கார் விடும் யோகராஜாவுக்கு அன்று தலைபோகிற காரியம். ஐந்து வருடமாகப் பிரிந்திருந்த மனைவி வசந்தமலர் பின்னேரம் மூன்று மணிக்கு ஹீத்ரோவில் இறங்குகிறாள். காரோ பனிக்குள் புதைந்து கிடக்கிறது.

மெஷினை முறைப்படி தொடக்கிவைத்தார்கள். திருநீறு, சந்தனம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம். யாரோ பக்தி மிகுதியில் எஞ்சினையும் பனி வீசியையும் இணைக்கும் பெல்ட்டுக்கும் நல்லெண்ணெய் பூசிவிட்டார். எஞ்சின் உறுமியது. பெல்ட் வழுக்கிக் கப்பியை விட்டு இறங்கிக்கொண்டது.

கராஜில் வேலை செய்யும் யோகராஜா குனிந்து பார்த்தான்.

"பத்து நிமிச வேலை அண்ணை. எண்ணெயைத் துடைச்சு, இறுக்கிற கப்பியின்ரை ஸ்பிரிங்கைக் கொளுவினால் சரி."

"தம்பி, கை வையாதையும்! எஞ்சின் கப்பி எங்கடை சொத்து" என்றார் கிழக்குத் தலைவர் கணேசலிங்கம்.

"பனி வீசுற கப்பி எங்கடை" என்றார் மேற்குத் தலைவர் இராஜேந்திரன்.

"அப்ப பெல்ட்?"

உடனே மண்டபத்தின் இரு மூலைகளிலும் இரண்டு அவசரக் கூட்டங்கள் கூடின. தன் கப்பியைத் தொடும் பாதியை மட்டும் துடைக்கக் கிழக்கு ஏகமனதாக அனுமதித்தது. அந்தப் பாதி சுற்றிவந்து தங்கள் கப்பியைத் தொடாதென்று மேற்கு எழுத்தில் உறுதி கேட்டது.

"அண்ணை, பெல்ட் எண்டால் சுத்தத்தானே செய்யும்!"

"அதைத்தான் நாங்கள் கண்டிக்கிறம்" என்றார் இராஜேந்திரன்.

யோகராஜா ரயில் மாறி மாறி ஹீத்ரோ போய்ச் சேர ஆறு மணி. சேலைக்கு மேல் இரண்டு சுவெற்றர் போட்டபடி, சூட்கேசின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தாள் வசந்தமலர்.

"என்னை மறந்திட்டியள் எண்டு நினைச்சன்."

அவன் வெட்கத்தோடு தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினான். இரண்டு சங்கத்தையும் ஒரு கை பார்க்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

மூன்றாம் நாளே பார்த்தான். மூன்றாவது சங்கம் ஒன்றைத் தொடங்கினான்: பெல்ட் பராமரிப்புச் சங்கம். தலைவர், யோகராஜா. மற்ற இரண்டு சங்கங்களும் அவனுக்குப் பொன்னாடை போர்த்திப் பெல்ட்டைக் கையளித்தன. பனி இன்னும் கரையவில்லை.

"இப்ப பெல்ட் உங்கடைதானே? பத்து நிமிச வேலை எண்டு சொன்னனீங்கள். போய்க் கொளுவுங்கோவன்" என்றாள் வசந்தமலர்.

யோகராஜா பொன்னாடையைச் சரிசெய்துகொண்டான்.

"இஞ்சரும், தலைவர் நினைச்சபடி கை வைக்க ஏலாது. கூட்டம் கூடவேணும்."

வசந்தமலர் மண்டபக் குசினியில் இருந்த பெரிய தாச்சிச் சட்டியை எடுத்துப் போய், அரை மணித்தியாலத்தில் பனியை வழித்துக் காரை வெளியே எடுக்கப் பாதை வெட்டினாள்.

மறுநாள், மெஷின் நிற்கும் வளவில் தாச்சி பாவித்ததற்காக அவளுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. சங்கங்கள் எல்லாம் ஒற்றுமையாகக் கையெழுத்திட்ட முதல் கடிதம் அதுதான். மூன்றாவது கையெழுத்து அவள் புருஷனுடையது.