ஹெட்லியின் துப்பாக்கியை அறுத்தது பற்றி

கேப்ளின் துறை, நியூஃபவுண்ட்லாந்து
16 செப்டம்பர் 1996

டொரோண்டோவில் சுகமாக இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கும் தம்பி ஹெட்லிக்கு,

அண்ணன் ஒபதியா சொல்லச் சொல்ல, தபாலாபீஸ் வின்னி எழுதுவது. கர்த்தர் கிருபையால் முழங்காலும் வலது காதும் தவிர மற்றதெல்லாம் நலம். உன் நலத்தை முப்பத்தேழு வருஷமாக விசாரிக்காததால் மொத்தத்துக்கும் சேர்த்து இப்போது விசாரிக்கிறேன். எனக்கு எழுத்துதான் தெரியாது. 1959 மே பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ படகேறினபோது உன் வலதுகால் பூட்ஸ் கயிறு அவிழ்ந்து கிடந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கோபத்தில் இருந்ததால் மூடிக்கொண்டேன்.

விஷயம் என்னவென்றால், உனக்கு மூஸ் மான் வேட்டை லைசன்ஸ் வந்திருக்கிறது. யார் விண்ணப்பம் போட்டது என்று கேட்காதே, நான்தான். பக்கத்து வீட்டு கிளெம் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டான். முப்பத்தோரு வருஷம் அவனும் நானும்தான் ஒரே தாளில் ரெண்டு பேர் போட்டு லைசன்ஸ் வாங்கினோம். ஒற்றைப் பேராகப் போட்டால் குலுக்கலில் சீட்டு விழுவதற்குள் பல் விழுந்துவிடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். சரி, வேறு யாரைப் போடுவது? அரசாங்கம் மீன்பிடிப்பை மூடி நாலு வருஷமாகிறது, இளவட்டங்கள் எல்லாம் வேலை தேடி ஆல்பர்ட்டாவுக்குப் போயாயிற்று. மிச்சம் ஒன்பது வீடு. அதில் ஏழில் விதவைகள், எட்டாவதில் பாஸ்டர், அவர் மீனின் ரத்தத்தைப் பார்த்தாலே உட்கார்ந்துவிடுவார். ஒன்பதாவது நான். அதனால் உன் பேரைச் சொன்னேன். வின்னி பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஒபதியா மாமா, இந்த ஊர்ல குடியிருக்கறவங்க பேரைத்தான் போடணும். ஹெட்லி மாமா எங்க குடியிருக்காரு?"

"மாடியில. கட்டில் அங்கதான கெடக்கு, எழுதும்மா."

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். ஹேன் கடையில் பீப்பாய்க்குள் விளக்குமாறு மாதிரி செருகி வைத்திருந்த பட்டாளத்துத் துப்பாக்கிகளில் ஒன்றை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அதில் அப்பியிருந்த கிரீஸை மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தோம், அம்மாவின் மேசைவிரிப்பும் அதோடு போனது. அப்பா பிரான்ஸ் சண்டையில் தூக்கினது இதே சாதிதான், இதில் ஒரு ஆணியைக்கூட மாற்றக் கூடாது என்றாய் நீ. ஊரில் எல்லாரும் குழலை அறுத்துக் குட்டையாக்குகிறார்களே, நீளமாக வைத்துக்கொண்டு ஊசியிலைப் புதருக்குள் நுழைந்தால் மாட்டிக்கொள்கிறதே என்றேன் நான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நீ சமையலறைக்குள் வந்தாய். மேசையில் ரம்பம், மரத்தூள், வெட்டிப்போட்ட மீன்வால் மாதிரி முன்கட்டையும் குழல் துண்டும். "கசாப்புக்காரா! அப்பாவையே அறுத்துப் போட்டுட்டியேடா!" என்று கத்தினாய், நாலு பேர் முன்னால், அதில் ரெண்டு பேர் சாப்பிட வந்தவர்கள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்கவில்லை. "ஆமா, அறுத்தேன். இப்ப என்னங்கிற?" என்றேன். விடிந்ததும் படகு.

அறுத்தது நன்றாக வரவில்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீளம் குறைந்ததும் அதற்குக் குணம் கெட்டுப்போயிற்று. உதைத்தால் தோள் ரெண்டு வாரம் கத்தரிக்காய் நிறம். சத்தத்தில்தான் வலது காது போனது. காலையில் குறி வைத்தால் இடது பக்கம் போகும், சரியென்று குறிமுள்ளைத் தட்டி வைத்தால் மத்தியானம் வலது பக்கம் போகும். 1971இல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மூஸைச் சுட்டேன், கிளெம் வீட்டுக் கக்கூஸ் கூரை பறந்தது. கிளெம் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "ஏண்டா ஒபதியா, எனக்குக் கொம்பா மொளச்சிருக்கு?" என்று கேட்டான். மூஸ் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடந்தே போயிற்று. அன்று முதல் சுடுவது கிளெம், டீ போடுவதும் விழுந்த மூஸின் தொடையைச் சுமப்பதும் நான் என்று ஏற்பாடாகிவிட்டது.

போன வியாழக்கிழமை வனத்துறை ஆபீசர் வந்தார். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். லைசன்ஸில் ரெண்டு பேரும் அவன் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"உங்க தம்பி எங்கங்க?"

"மேல தூங்குறான்."

"பகல் பதினோரு மணிக்கா?"

"படகுல வந்த களைப்பு."

அவன் மேசையைப் பார்த்தான். ரெண்டு தட்டு, ரெண்டு டீக்கோப்பை. கிளெம் தினமும் காலையில் என்னோடுதான் சாப்பிடுவான், அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை, பிப்ரவரியிலிருந்து அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன். தட்டைப் பார்த்து அவன் நம்பிவிட்டான். மாடிப்படியைப் பார்த்து நானும் பாதி நம்பிவிட்டேன். அக்டோபர் ஐந்தாம் தேதி திரும்ப வருகிறானாம், அன்றைக்கு நீ தூங்காமல் இருக்க வேண்டுமாம். அதனால் அதற்குள் வந்து குடியிருந்துவிடு. இல்லாவிட்டால் லைசன்ஸ் போய்விடும். படுக்கையை வெயிலில் போட்டுத் தட்டி வைத்திருக்கிறேன். திட்டுவதற்கு மிச்சமிருந்தால் இடது பக்கம் உட்கார்ந்து திட்டு, அந்தக் காது நன்றாகக் கேட்கும்.

உன் சம்சாரத்துக்கும், எனக்குப் பேர் தெரியாத உன் பிள்ளைகளுக்கும், பிறந்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்கும் தேவன் நல்ல பசியும் நல்ல தூக்கமும் தருவாராக.

இப்படிக்கு,
அண்ணன் ஒபதியா
×
(பெருக்கல் குறி அவர் போட்டது, அதுதான் அவர் கையெழுத்து. வின்னி)

பின்குறிப்பு: வின்னி உறையை ஒட்டிவிட்டாள். கெட்டில் ஆவியில் காட்டிப் பிரிக்கச் சொல்லி இதைச் சேர்க்கிறேன். அன்றைக்கு மேசையில் கிடந்தது நம் துப்பாக்கி இல்லை. அதே பீப்பாயில் கட்டை விரிசல் விட்ட இன்னொன்றை முந்தின நாள் நான் தனியாக வாங்கியிருந்தேன், உன் மனசையும் கெடுக்காமல் என் ஆசையையும் தீர்த்துக்கொள்ள. நம்முடையது உன் கட்டிலுக்கு அடியில் கம்பளியில் சுற்றி இருக்கிறது. வருஷா வருஷம் எண்ணெய் போடுகிறேன். ஒரு ஆணி மாறவில்லை. ஒரு குண்டும் சுடவில்லை, பாதி உன்னுடையதாயிற்றே, கேட்க நீ இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். லைசன்ஸ் போனால் போகட்டும், அஞ்சாம் தேதி தாண்டினாலும் பரவாயில்லை, வா. வரும்போது கதவைத் தட்டாதே, நம் ஊர்ப் பழக்கப்படி நேரே உள்ளே வந்துவிடு. தட்டினால் ஆபீசர் என்று நினைத்து, நீ மேலே தூங்குகிறாய் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.