பழைய நோய்க்குக் காப்புறுதி இல்லை

டத்தோ கிராமாட், பினாங்கு.
14.5.1989

பெருமதிப்புக்குரிய விநாசித்தம்பி அத்தான் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வள்ளிநாயகியின் கணவன் கனகசுந்தரம் பணிவுடன் வணங்கி எழுதுவது. இறைவன் அருளால் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நிபோங் திபாலில் தாங்களும் அவ்வாறே நடமாடுவீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

மருத்துவக் காப்புறுதி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுக்காதீர்கள். எந்த ஏஜண்டையும் வீட்டுக்குள் விடாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என்னோடு வேலை பார்த்த விஸ்வலிங்கம் போன மாதம் நெஞ்சுவலி என்று தனியார் மருத்துவமனையில் படுத்தார். ஆள் பிழைத்துக்கொண்டார், கார்தான் போய்விட்டது, பில் கட்ட விற்றுவிட்டார். அன்றிலிருந்து உங்கள் தங்கைக்கு நிம்மதி இல்லை. "நம்மகிட்ட விக்கிறதுக்குக் காரும் இல்லியே, நாம படுத்தா என்ன செய்றது?" என்று கேட்டுக் கேட்டு என் நெஞ்சையும் படபடக்க வைத்துவிட்டாள். சரி என்று கமால் என்ற ஏஜண்டை வரச் சொன்னேன். டையும் பையுமாக வந்தார், நல்ல மரியாதையான பிள்ளை.

"அங்கிளுக்கு பிரஷர் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப இருதயத்துக்கு கவர் இல்ல. சுகர்?" கொஞ்சம் உண்டு என்றேன். "அப்ப கண்ணு, கிட்னி, காலு மூணுக்கும் இல்ல." "பின்ன எதுக்குத்தான் தம்பி இருக்கு?" என்றேன். "புதுசா வர்ற நோய்க்கு அங்கிள். பழைய நோய்க்குக் கிடையாது லா." காப்பி கொண்டுவந்த உங்கள் தங்கை, "இந்த வயசுல புது நோய்க்கு நாங்க எங்க போறது? பசார்ல விக்கிதா?" என்றாள். அதோடு விட்டதா? வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறுமாம், அறுபத்தைந்தோடு காப்புறுதியே நின்றுவிடுமாம். "அதுக்கப்புறந்தானே தம்பி ஆளுங்க படுப்பாங்க?" என்றேன். "அதனாலதான் அங்கிள் நிப்பாட்டுறாங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தாரோ!

இருந்தும் உங்கள் தங்கை விடவில்லை. மருத்துவப் பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும் என்றாள். கமாலே தம் புதுக் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் அவர் முகம் வெளுத்தது, வேர்த்தது, காரை ஓரங்கட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். அவரைப் பின்னால் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, எத்தனையோ வருஷமாகத் தொடாத ஸ்டியரிங்கை நான் பிடித்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர், "ஐயோ அங்கிள், கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்தினார். வலிக்குக் கத்தினாரா, காருக்குக் கத்தினாரா தெரியவில்லை. உங்கள் தங்கை பயந்துபோய், "தம்பி, இந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்றாள். "காருக்கு இருக்கு ஆண்டி" என்று முனகினார். "உங்களுக்கு?" "எனக்குத்தான் இல்ல."

நேரே அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு விட்டேன். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை, உடனே அறுக்கவேண்டும் என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். உங்கள் தங்கை தன் பிள்ளையையே உள்ளே அனுப்பியவள்போல் விபூதியும் கையுமாக வாசலிலேயே நின்றாள், கமால் முஸ்லிம் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. பதிவு செய்ய முகப்புக்குப் போனேன். சலேஹா என்ற மலாய்ப் பெண் அடையாளக் கார்டு கேட்டார். பதற்றத்தில் என் பென்ஷன் கார்டை நீட்டிவிட்டேன். அதைப் புரட்டிப் பார்த்து, "பாக்சிக், கவர்மெண்ட் பென்ஷனா? உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இங்கே வைத்தியம் இலவசமாயிற்றே" என்று மலாய் மொழியில் சொன்னார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம். "பழைய நோய்க்குமா?" என்றேன். "எந்த நோய்க்கும்" என்று சிரித்தார். அத்தான், இத்தனை நாளும் அந்தக் கார்டைப் பென்ஷன் வாங்குகிற அன்று மட்டும் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்!

கமால் பிழைத்துக்கொண்டார். டாக்டர் வந்து சொன்னதும் உங்கள் தங்கை அழுதாள், பிறகு கார்டு சமாசாரத்தைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு என் சுகரையும் மறந்து சர்க்கரைப்பாகு சொட்டச் சொட்டத் தானே ஐஸ் செண்டோல் வாங்கிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்று, "இன்னொரு கிண்ணம் சாப்பிடுங்க லா" என்றாள். கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு உபசாரம் எனக்கு நடந்ததில்லை.

ஆகையால் தாங்கள் காப்புறுதியை நினைத்து மனம் கலங்கவேண்டாம். முருகன் துணையிருப்பான். அண்ணியாருக்கு எங்கள் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புள்ள,
க. கனகசுந்தரம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்துவிட்டு, "எங்க அண்ணன் எப்பங்க கவர்மெண்ட்ல வேலை செஞ்சாரு? எஸ்டேட்ல கணக்கெழுதுன கிராணிக்குப் பென்ஷன் ஏது, கார்டு ஏது?" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தவேண்டாம். உடனே காப்புறுதி எடுங்கள், தங்களுக்குத்தான் இன்னும் ஒரு நோயும் வரவில்லையே. தையல் பிரித்ததும் கமாலை நானே அழைத்து வருகிறேன். அவர் அதிகம் பேசக்கூடாதாம், பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை தயவுசெய்து எந்த டாக்டரிடமும் போய்விடாதீர்கள்.