குவாண்டம் வாத்தியார் வரைந்த கம்ப்யூட்டர்

பாலக்கோடு வட்டாரத்தில் மண்டைக்கனத்துக்கு ஒரு போட்டி வைத்தால், குவாண்டம் வாத்தியாரை எதிர்த்து நிற்க ஒருத்தரும் பெயர் கொடுக்க மாட்டார். எங்கள் பொறியியல் கல்லூரியில் அவரும் என்னைப் போலத் தற்காலிக ஆசிரியர்தான். ஆனால் பேசுவதெல்லாம் அண்டசராசரம்.

பாடம் நடத்திய நேரம் போக, முழு குவாண்டம் கம்ப்யூட்டர் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார். உலகத்தில் மற்றவர்கள் செய்வதெல்லாம் அவருக்குக் கலப்படம்.

"கணக்குப் போடறது மட்டும் குவாண்டமாம், அதை ஏவறது பழைய கம்ப்யூட்டராம். இதெல்லாம் ஒரு பொழப்புங்களா? என்னுதுல மெமரி, கட்டளை, எல்லாமே குவாண்டம்தான்!"

இத்தனைக்கும் அவர் வீட்டு மிக்ஸி நின்றுபோனால் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த யந்திரத்துக்குக் கடுங்குளிர் தேவையாம். தக்காளி வைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"மைனஸ் எரநூத்தி எழுவத்தி மூணு வருமாங்க?"

கிடங்குக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தக்காளிய வெக்கப் போறீங்களா, கொல்லப் போறீங்களா?"

மானம் போனது எனக்கு மட்டும்தான். அவர் கிடங்கின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கல்லூரியில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியானது. போட்டி எனக்கும் அவருக்கும். தேர்வுக் குழுவின் முன்னால் ஆளுக்கொரு திட்டத்தை விளக்க வேண்டும். தக்காளியைத் தரம் பிரிக்கும் சின்ன மென்பொருள் ஒன்றை நான் காட்டினேன். அவர் பத்து சார்ட் தாளை ஒட்டி, சுவர் நீளத்துக்கு வரைபடத்தை விரித்தார்.

குழுத் தலைவர் அசந்துபோய்விட்டார். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க. விடை எதுல வரும்?"

"வராதுங்க. குவாண்டம் நிலைய அளந்து பாத்தா கலைஞ்சிரும். அதனால வெளிய வர வழியே வெக்கல."

"அப்ப அது போட்ட கணக்கு நமக்கு எப்படித் தெரியும்?"

"நமக்கு எதுக்குங்க தெரியணும்?"

குழுவே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மார்க்கரை அவர் கையில் திணித்து, "ஓரத்துல அளக்கற கருவி ஒண்ணு, மானிட்டர் ஒண்ணு வரைஞ்சு தொலைங்க சார். வேலை உங்களுக்குத்தான்" என்று காதில் சொன்னேன்.

"கலப்படம் பண்ணச் சொல்றீங்களா சார்?" மார்க்கரை மூடி மேஜையில் வைத்துவிட்டார்.

வேலை எனக்குக் கிடைத்தது. அவர் கடத்தூருக்கு டியூஷன் எடுக்கப் போய்விட்டார். பிழைக்கத் தெரியாத ஜென்மம்! இரண்டே இரண்டு கட்டம் வரைந்திருக்கக் கூடாதா? நியாயமாக அவர் உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் இல்லாத ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஒருநாள்கூட மனசு ஒட்டவில்லை.