பக்கத்து கேட்டில் போட்ட பந்தல்

வேலைநிறுத்தத்தின் முதல் நாள் காலை கலைச்செல்வன் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, பந்தல் பிரமாதமாக இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகத் துணி, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். குறை என்றால் ஒன்றே ஒன்றுதான். பந்தல் பக்கத்து பிஸ்கட் கம்பெனி வாசலில் இருந்தது.

தப்பு அவனுடையதுதான். நேற்று சாயங்காலம் பிஸ்கட் கம்பெனிக்கு எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே பந்தல்கார சக்கரபாணிக்கு லொகேஷன் அனுப்பியிருந்தான். போன் பாவம், அவன் நின்ற இடத்தை அனுப்பிவிட்டது.

கலைச்செல்வனுக்கு வேலை தகர டப்பா கம்பெனியில். சங்கம் ஆரம்பித்து இதுதான் முதல் வேலைநிறுத்தம். நிர்வாகம் சங்கத்தோடு பேச வேண்டும் என்பது ஒரே கோரிக்கை. இது பிசுபிசுத்துப் போனால் சங்கத்தில் மிஞ்சப்போவது ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான். அவன் செயலாளர் ஆனதும் திறமையால் அல்ல. கூட்டத்துக்கு நடுவில் அவன் ஒண்ணுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

சக்கரபாணிக்கு போன் போட்டான்.

"அண்ணே, பந்தல் இடம் மாறிப் போச்சு. சீக்கிரம் வந்து நகத்துங்க."

"தோ, வந்துட்டேன் தம்பி. வண்டி தேங்காய்த்திட்டுல மீன் லாரிக்குப் பின்னால மாட்டிக்கிச்சி."

அதற்குள் பிஸ்கட் கம்பெனிப் பெண்கள் ஷிப்டுக்கு வந்தார்கள். கேட் திறக்கவில்லை. நாற்காலிகள் சும்மா இருந்தன. ஒருத்தி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கண்ணை மூடித் திறப்பதற்குள் பந்தல் நிறைந்துவிட்டது.

சங்கு ஊதியது. கேட் திறந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

முன்வரிசையில் செருப்பைக் கழற்றிப்போட்டுக் காலை நீட்டியிருந்த ஜெயம் என்பவள்தான் பெரியவளாகத் தெரிந்தாள். அவளிடம் போனான்.

"அக்கா, இது எங்க பந்தல்க்கா."

"இருந்துட்டுப் போவட்டும். நாங்க இன்னா தூக்கிக்கினா போவப் போறோம்?"

"சங்கு ஊதிடிச்சி."

"காதுல விழுந்துச்சி."

"நோட்டீஸ் குடுக்காம இப்பிடி உக்காந்தா சட்டப்படி தப்புக்கா. நாங்கல்லாம் முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்து, லேபர் ஆபீசுக்குக் காப்பி அனுப்பி..."

"உக்கார்றதுக்கா நோட்டீஸு?"

பந்தலே சிரித்தது. ஜெயம் மட்டும் சிரிக்கவில்லை.

"உள்ள பெல்ட்டு ஓட ஆரம்பிச்சா நின்னுக்கினேதான் பாக்கெட்டு அடுக்கணும் தம்பி. ஒரு ஸ்டூல் கிடையாது. இந்த வாசல்ல இன்னிக்கித்தான் உக்காந்து பாக்கறோம். கொஞ்சம் இரு."

ஒவ்வொருத்தரிடமும் கெஞ்சி மாளாது என்று கலைச்செல்வன் மைக்கைப் பிடித்தான். பழக்க தோஷம், வாயில் முதலில் "தோழர்களே!" என்று வந்தது. கைதட்டல் பறந்தது.

"நீங்க எல்லாரும் உடனே எந்திரிச்சி..."

"போராடணும்!" என்று பின்வரிசையில் ஒருத்தி முடித்துவைத்தாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஆனந்தராஜ் பளபளக்கும் ஷூவோடு வெளியே வந்தார். மைக் வைத்திருப்பவன்தானே தலைவன்?

"யாருய்யா நீ?"

"நான் பக்கத்துக் கம்பெனி சார்."

"ஓ! வெளியாளு வந்து தூண்டிவிடறியா?"

"எழுப்பிவிடத்தான் சார் பாக்கறேன்."

"ஒத்துக்கறான் பாரு! சரி, இன்னா வேணுமாம் இவங்களுக்கு?"

இல்லை, எனக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஜெயத்தின் பாதங்கள் கண்ணில் பட்டுத் தொலைத்தன. வீங்கியிருந்தன.

"நாற்காலி சார்."

"அதான் உக்காந்திருக்காங்களே!"

"உள்ள சார். பெல்ட்டு பக்கத்துல."

"வேலைல உக்காந்தா தூக்கம் வந்துடும்யா."

"நீங்க ரூம்புல உக்காந்துதான சார் இருக்கீங்க," என்றாள் ஜெயம். "தூங்கறீங்களா?"

ஆனந்தராஜ் பதிலுக்கு முதலாளியின் நம்பரைத் தேடினார்.

வெயில் ஏறியது. தங்கள் கேட்டில் மொட்டை வெயிலில் கோஷம் போட்டு நாக்கு வறண்ட டப்பா கம்பெனிக்காரர்களும் நிழலுக்கு இங்கே வந்து சேர்ந்தார்கள். பொருளாளர் வைத்திலிங்கம் இடுப்பில் கை வைத்தார்.

"செயலாளரே, நீ எந்தக் கம்பெனிக்கு செயலாளரு?"

கலைச்செல்வன் மறுபடி போன் போட்டான். சக்கரபாணிக்கு இப்போது பஞ்சர். அடுத்த தடவை, பந்தல் பிரிக்கிற ஆள் சாப்பிடப் போய்விட்டானாம்.

ஆனந்தராஜ் வாசலிலேயே நின்று முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். வலது காலில் நின்றார். இடது காலுக்கு மாறினார். பந்தல் தூணில் சாய்ந்தார். தூண் ஆடியது. கடைசியில் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"யாராச்சும் ஒரு சேர் குடுங்கப்பா."

ஜெயம் எழுந்து தன்னுடையதைக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார்.

"அப்பாடா!"

அவரை அறியாமல் வந்துவிட்டது. பந்தல் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குச் சங்கடமாகப் போயிற்று. எதிரே நின்ற ஜெயத்தைப் பார்த்தார். போனை மெதுவாகக் காதில் வைத்தார்.

"சார், நாளைக்கே ஸ்டூல் போட்டுடலாம் சார்... இல்ல சார், யாரும் மிரட்டல. எனக்கே கால் வலிக்குது சார்."

டப்பா கம்பெனி நிர்வாகம் மாடி ஜன்னல் வழியாக இந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறது. பிஸ்கட் கம்பெனியே ஆதரவுக்கு இறங்கிவிட்டது என்று பயந்துபோய், மறுநாள் பேச வரச்சொல்லி ஆள் அனுப்பியது.

"இன்னா மூளைடா உனக்கு! பிளான் பண்ணித்தான போட்ட?" என்று வைத்திலிங்கம் அவனைக் கட்டிக்கொண்டார். கலைச்செல்வன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நல்ல பெயர் வருவதே அபூர்வம். வந்ததை விரட்ட மனசு வரவில்லை.

சாயங்காலம் சக்கரபாணி வந்தார். டயரில் பஞ்சர் போட்ட அடையாளமே இல்லை. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரே ஒரு நாற்காலியில் ஜெயம் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

"மன்னிச்சுக்கங்கண்ணே. லொகேஷன் தப்பா அனுப்பி உங்கள அலைய வுட்டுட்டேன்."

"லொகேஷனா? நான் அதத் தொறந்தே பாக்கல தம்பி. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு உங்க கேட்டுல பந்தல் போடறவன், எனக்கு இடம் தெரியாதா?"

கலைச்செல்வன் அவர் கையிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பறம் ஏன்ணே இங்க போட்டீங்க?"

"அது... வண்டி வந்து..."

"அண்ணே. நெசத்தச் சொல்லுங்க."

சக்கரபாணி ஜெயம் இருந்த பக்கம் பார்த்தார். குரல் இறங்கியது.

"ஊருக்கெல்லாம் நாற்காலி குடுக்கறவன் தம்பி நான். வீட்டுக்குப் போனா, தெனம் ராத்திரி என் பொண்டாட்டி காலுக்குத் தைலம் தேய்க்கறேன்."