சாம்பிள் அண்ணன் கேட்ட 'வேணாம்'

சாம்பிள் பார்க்காமல் எதற்கும் தலையாட்டாத மனிதர் போடியிலேயே சாம்பிள் அண்ணன் ஒருவர்தான். தொழில் ஏலக்காய் புரோக்கர். ஓட்டலில் வடையைப் பிய்த்துத் தின்றுவிட்டுத்தான் வடை கேட்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனின் காலை நறுக்கென்று மிதித்தார். "கோவம் எப்பிடின்னு பாத்தேன் மாப்ளே!"

நான் அட்டெண்டராக இருந்த ஆஸ்பத்திரியில், புது மருந்தை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி இருந்தது. டாக்டர்களோடு வெளியாள் ஒருவரும் வேண்டுமாம். அண்ணனைப் போட்டார்கள். அவர் நாற்காலிக்கடியில் எப்போதும் ஏலக்காய்த் தோல் கிடக்கும். முணுமுணுத்துக்கொண்டே பெருக்குவேன்.

ஒருநாள், காய்ச்சல் வராமல் தடுக்கும் மாத்திரை ஒன்றை எஸ்டேட் ஆட்களுக்குக் கொடுக்க ஒரு டாக்டர் அனுமதி கேட்டார்.

"மொத்த எஸ்டேட்டும் சம்மதிச்சிருச்சு. கங்காணியே சொல்லிட்டாரு."

"வேணாம்னு சொன்ன ஆள் ஒண்ணு சாம்பிள் காட்டுங்க."

"யாருமே சொல்லலையே அண்ணே!"

"ஏலக்கா மூட்டை பூராவும் ஒரே பச்சைன்னா சாயம் ஏத்தியிருக்கான்னு அர்த்தம் டாக்டரய்யா. மலைக்கு வண்டியை எடுங்க."

நானும் கூடப் போனேன். போடிமெட்டுக்கு மேலே, ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்புக்குப் பக்கத்தில் எல்லாரையும் நிறுத்தினார்கள். அந்த எஸ்டேட்டில் வேலை பார்த்த என் தங்கை பேச்சியும் நின்றாள். வேணாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் கங்காணி ஒரு கிழவரை முன்னால் தள்ளினார்.

"எனக்கு வேணாஞ்சாமி."

"ஏம்ப்பா வேணாம்?"

"கங்காணி சொல்லச் சொன்னாரு."

"இதுவும் சாயம்!" என்ற அண்ணன் கங்காணியிடம் திரும்பினார். "வேணாம்னு சொல்ற ஆளுக்கும் நாளைக்குச் சோலி உண்டு, ஜீப்புல எடம் உண்டு. ஒன் வாயாலயே சொல்லுய்யா."

கங்காணி வேண்டா வெறுப்பாகச் சொன்னார்.

"எனக்கு வேணாங்கய்யா," என்றாள் பேச்சி. "முழுகாம இருக்கேன்."

எனக்கே அப்போதுதான் தெரியும். டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கர்ப்பிணிக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாதும்மா! முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எங்கிட்ட யாரு கேட்டா? கங்காணிதான சரின்னாரு."

அண்ணன் மடியிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து உரித்து அவள் கையில் வைத்தார். "இதான் ஆத்தா நெசக் காய்." பிறகு டாக்டரைப் பார்த்தார். "இனி ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்புட்டு, கங்காணி இல்லாமக் கேளுங்க. அப்புறம் நான் தலையாட்டுறேன்."

அண்ணன் காலமான பிறகு அந்த நாற்காலிக்கடியில் பெருக்க ஒன்றுமில்லை. பேச்சி அன்று சுமந்திருந்த மகள் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தால் அதில்தான் உட்கார வைப்பேன். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.