தாமரைக்கிழங்கு பேசாது

நகராட்சி ஒரு நல்ல காரியம் செய்வதென்று தீர்மானித்துவிட்டால் அதை யாராலும் தடுக்க முடியாது. ஹசூமி நகராட்சி, வாய்ப்பிழந்த இளைஞர்களைக் கைதூக்கி விடுவதென்று தீர்மானித்தது.

அவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் எழுந்து நின்றிருந்தார்கள் என்பதுதான் சங்கடம். சமூகக் கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. படிப்பை விட்டவர்கள், வீட்டில் சோற்றுக்கும் பேச்சுக்கும் பஞ்சமானவர்கள் எல்லாம் சாயங்காலம் அங்கே கூடி, கழித்துப்போட்ட சைக்கிள்களைப் பழுது பார்ப்பார்கள். அப்படிச் சரிசெய்த சைக்கிளில் ஏறி வேலைக்குப் போனவர்களும் உண்டு. கூட இருந்து பார்த்துக்கொண்டவள் தொமோயே, நகராட்சியின் ஓராண்டு ஒப்பந்த ஊழியர். அறிக்கை எழுத அவளுக்கு நேரம் இருந்ததில்லை. ஆகவே நகராட்சியைப் பொறுத்தவரை அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

"இளைஞர்களை ஈர்க்கணும்னா ஆள் உள்ள புகுந்து ஆடற ஊர்ப் பொம்மை ஒண்ணு வேணும்மா," என்றார் இளைஞர் நலப் பிரிவுத் தலைவர் குராமொச்சி. "பக்கத்து ஊர்ல முள்ளங்கிக்கே பொம்மை வேஷம் இருக்கு. நம்ம மானம் போகுது."

"சார், பசங்க ஸ்பேனர்தான் கேக்கறாங்க. அப்புறம் குளிருக்கு ஒரு அடுப்பு..."

"அதெல்லாம் ஈர்க்காது."

"அவங்கதான் ஏற்கெனவே வர்றாங்களே சார்!"

"வர்றவங்களை எப்படிம்மா ஈர்க்கறது? வராம இருந்தாத்தானே ஈர்க்க முடியும்?"

ஊர் விளைச்சல் தாமரைக்கிழங்கு. புத்தாண்டன்று அதைத் தின்றால் அதிலுள்ள ஓட்டைகள் வழியே எதிர்காலம் தெரியுமாம். ஆகவே ஆளுயரத் தாமரைக்கிழங்கு ஒன்று பஞ்சடைத்துத் தைக்கப்பட்டது. நிஜ ஓட்டை போட்டால் உள்ளே இருப்பவர் முகம் தெரிந்து கண்ணியம் கெடும் என்பதால், ஓட்டைகளைக் கறுப்புச் சாயத்தில் வரைந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய கிழங்கை நனையாமல் எங்கே வைப்பது? கொட்டகை இருக்கவே இருக்கிறது. சைக்கிள்கள் வெளியே போயின. பின்னாலேயே பிள்ளைகளும் போனார்கள்.

"பாத்தீங்களா, இப்ப ஒருத்தரும் வர்றதில்ல," என்றார் குராமொச்சி. "எவ்வளவு பெரிய பிரச்சினை! நல்லவேளை, பொம்மை தயாரா இருக்கு."

தொடக்க விழாவுக்கு மாகாண அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி மினெகிஷி வந்தார். இளைஞர் தரப்பில் வந்தவள் நாகி ஒருத்திதான். ரிம்மில் பெண்டு எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "பெரியவர் வர்றாராமே அக்கா, கொட்டகையைத் திருப்பிக் கேட்டுடலாம்," என்று தொமோயேயிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பொம்மைக்குள் புக ஆளில்லாததால் அவளையே உள்ளே விட்டு ஜிப்பை இழுத்தார்கள். கண் தெரியாத கிழங்கைத் தொமோயே கைப்பிடித்து மேடையேற்றினாள்.

"இளைஞர்கள் எங்கே?" என்றார் மினெகிஷி.

"உள்ளே இருக்காங்க ஐயா," என்று கிழங்கைக் காட்டினார் குராமொச்சி.

"எல்லாருமா?"

"பிரதிநிதி ஐயா."

மினெகிஷி கனிவோடு குனிந்தார். "தம்பி, உனக்கு என்னப்பா வேணும்?"

பொம்மை வாய் திறக்கக் கூடாது. குழந்தைகளின் கனவு கலைந்துவிடும். எந்த ஊரிலும் அதுதான் கட்டுப்பாடு. கூட வருபவர் காதில் அது சொல்ல, அவர் சபைக்குச் சொல்வார். தொமோயே பஞ்சில் காதை வைத்தாள்.

"கொட்டகையைக் குடுக்கச் சொல்லுங்கக்கா," என்றது கிழங்கு. "அடுப்புகூட வேணாம்."

குராமொச்சி தொமோயேயைப் பார்த்துச் சிரித்தார். அவளுடைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் அவர்தான். தொமோயே பஞ்சிலிருந்து காதை எடுத்து நிமிர்ந்தாள்.

"ரொம்ப சந்தோஷமா இருக்காம் ஐயா," என்றாள். "எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொல்லுது."

சபை கைதட்டியது. மினெகிஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் இப்படி ஒரு கிழங்கு வேண்டும் என்றார்.

ஜிப்பைத் திறந்தபோது நாகி வேர்வையில் நனைந்திருந்தாள். தொமோயே துண்டை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"உள்ள இருந்தா ஒண்ணும் தெரியாதுக்கா," என்றாள். "ஆனா நல்லாக் கேக்குது."

அதன்பிறகு நாகி அந்தப் பக்கமே வரவில்லை.

மார்ச்சில் தொமோயேயின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பொம்மைக்குள் ஆள் வேண்டுமே, இப்போது அவள்தான் கிழங்கு. கைப்பிடித்து மேடையேற்றுகிறவர் குராமொச்சி. அவள் என்ன சொன்னாலும் பஞ்சில் காதை வைத்து முழுக்கக் கேட்டுக்கொண்டு, அவர்தான் சபைக்குச் சொல்கிறார். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாளாம்.