பூச்சாடிக்கு மண்

குட்டி நக்கியது முபாறக்கின் வலது கையை. அஸர்த் தொழுகைக்கான பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

குட்டியைக் குறை சொல்ல முடியாது. “இரி” என்று சொன்னான், அது உட்கார்ந்தது. இருந்ததற்குப் பரிசாகக் கருவாட்டுத் துண்டொன்றை நீட்டினான், அது கருவாட்டோடு சேர்த்துக் கையையும் ருசி பார்த்துவிட்டது. நாய் நக்கிய இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது சாய்ந்தமருதில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் குழாயில் வரும். மண்ணுக்கு எங்கே போவது? வாசல் தொடக்கம் பின்மதில் வரை மாமி சல்மா உம்மா சீமெந்து போட்டு, அதற்கு மேல் டைல்ஸும் பதித்து வைத்திருந்தார். தூசி அவருக்கு ஆகாது. நாய் அதைவிட ஆகாது.

முபாறக் பயந்த மனிதன். அதை அவனே ஒத்துக்கொள்வான். யானை என்றால் பயம், நாய் என்றால் பயம், மாமி என்றால் இரண்டையும் விடப் பயம். யானைப் பயம்தான் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தது. போன போகத்தில் வயலுக்குள் யானை இறங்கி, வேளாண்மையை மிதித்து, காவல் வாடியின் ஒரு பக்கக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, அவன் அதே வாடிக்குள் போர்வைக்கடியில்தான் கிடந்தான். ஒரு நாய் நின்றிருந்தால் முன்கூட்டியே குரைத்துக் காட்டியிருக்கும் என்றார் பக்கத்து வயல்காரர், வீரமுனை யோகராசா. சொன்னதோடு விடாமல், தன் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைப் பைக்குள் போட்டுக் கையில் கொடுத்தும்விட்டார். வயல் காவலுக்கு நாய் வைப்பதற்கு மார்க்கத்திலும் தடையில்லை. ஆனால் குட்டி வளர்ந்து வாடிக்குப் போகும்வரை அது எங்கேயாவது இருந்தாக வேண்டுமே.

வேறு இடம் இல்லை. ஊர் வழக்கப்படி, கல்யாணம் முடித்த நாளிலிருந்து முபாறக் இருப்பது மனைவி றஸ்னாவின் வீட்டில். வீட்டு உறுதிப் பத்திரம் றஸ்னாவின் பெயரில், ஆட்சி மாமியின் கையில். மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது குறைவு, அது மரியாதை. எதுவானாலும் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வதுபோல அவனுக்குக் கேட்கச் சொல்வார். தெருநாய் ஒன்று வாசல்படியில் கால் வைத்துவிட்டு ஓடிய அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்.

“நாய் இரிக்கிற வீட்டுக்குள்ள அல்லாஹ்ட மலக்குமார் வரமாட்டாங்க றஸ்னா. மலக்குமார் வராத வீட்டில நானும் இரிக்க மாட்டன், வேற ஆக்களையும் இரிக்க விடமாட்டன்.”

வேற ஆக்கள் என்று அந்த வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான்.

ஆகவே குட்டி பின்பக்கத்துப் பசளை அறைக்குள் போனது. யூரியா நாற்றத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் அவனைத் தவிர யாரும் போவதில்லை என்பது முபாறக்கின் கணிப்பு. கதவுக்குப் பூட்டுக் கிடையாது, கொண்டி மட்டும்தான். பூட்டுப் போட்டால் ஏன் பூட்டு என்று சீலைக்குப் பின்னாலிருந்து கேள்வி வரும்.

நாய் பழக்கும் விதத்தை அவன் போனில் வீடியோ பார்த்துப் படித்தான். அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, பொறுமை வேண்டும். நல்லது செய்த அந்தக் கணத்திலேயே தீன் கொடுக்க வேண்டும். பிழை விட்டால் பார்க்காததுபோல் இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு பெண் மிக இனிமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவள் சொல்லியிருக்காவிட்டாலும் முபாறக் அப்படித்தான் செய்திருப்பான். அடித்தால் குட்டி கத்தும், கத்தினால் மாமி வருவார். பயத்தினால் இவ்வளவு அன்பாக நாய் பழக்கிய ஆள் இந்தக் கரையோரத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. சத்தம் போடாமல் இருந்தால் ஒரு துண்டு, சொன்னதும் இருந்தால் ஒரு துண்டு என்று குட்டி நாளுக்கு நாள் தேறி வந்தது. பெயர் மட்டும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் வெளியே கேட்கும்.

அது நிற்க, கை இன்னும் கழுவாமல் இருக்கிறது.

பின்மதிலுக்கு அப்பால், அவனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஸகியாவின் வளவு. அவர்கள் புது அறை கட்ட அத்திவாரம் தோண்டி, மண்ணை மதிலோரம் குவித்து வைத்திருந்தார்கள். முபாறக் நக்கிய கையை உடுப்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மதிலுக்கு மேலால் எட்டி ஒரு சிரட்டை மண் அள்ளும்போது, உடுப்புக் காயப்போட ஸகியா வந்துவிட்டாள்.

“என்னத்துக்கு நானா மண்?”

“பூச்சாடிக்கு.”

சொன்ன பிறகுதான் வீட்டில் பூச்சாடியே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஸகியா எப்போது மாமியோடு கதைப்பாளோ என்ற பயத்தில் அடுத்த நாளே கல்முனைச் சந்தைக்குப் போய் இரண்டு பூச்சாடி வாங்கிவந்தான். நம்பும்படியாக இருக்கட்டும் என்று ரோசாக் கன்றும் நட்டு, மாட்டெருவும் கலந்தான். கலந்து முடித்த பிறகுதான் புரிந்தது, எருக் கலந்த மண் கழுவ உதவாது. இனியும் ஸகியாவின் குவியலுக்கே போக வேண்டும். பூச்சாடி நிறைந்திருக்க ஏன் இன்னும் மண் என்று அவள் கேட்டால் அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

மாமி பூச்சாடிகளைப் பார்த்தார். முபாறக் தூணோடு தூணாக நின்றான். சீலை அசைந்தது.

“பூச்சாடி நல்லம் றஸ்னா. இன்னும் ரெண்டு மூணு வாங்கச் சொல்லு. வீட்டில கொஞ்சம் மண் கிடந்தாலும் காரியமில்ல.”

டைல்ஸில் ஒரு மணல் பருக்கை கிடந்தால் விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசாரிக்கிற மனுஷி. அவரா மண் கிடந்தால் காரியமில்லை என்கிறார்? இது பொறிதான் என்று முபாறக் முடிவு செய்தான். 

அடுத்தது கருவாடு. குசினியில் மாமியின் கருவாட்டுப் பேணியிலிருந்துதான் அவன் தினமும் கொஞ்சம் எடுத்து வந்தான். மிகக் கொஞ்சம்தான். ஆனால் பேணி அவன் எடுத்ததைவிட வேகமாகக் குறைந்தது. கணக்குப் புரியாமல் அவன் முழித்துக்கொண்டிருக்கையில் ஒரு மத்தியானம் மாமியே கதையை எடுத்தார். பேணிக்குள் பூனை வாய் வைக்கிறதுபோல் தெரிகிறது, அதை யாரும் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்றார். அந்த வீட்டுக்குப் பூனை வந்து வருஷக்கணக்காகிறது.

முபாறக் பயந்து, கடையில் கருவாடு வாங்கி, யாரும் இல்லாத நேரம் பேணியில் போட்டான். பயத்தில் அளவு தவறிவிட்டது. பேணி கழுத்துவரை நிறைந்து மூடி எழும்பி நின்றது. மாமி மூடியைத் திறந்தார். வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு பசளை அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், முபாறக்கின் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பேணியை அமத்தி மூடினார். ஏசியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

குட்டியும் அவனைப் பயமுறுத்தத் தொடங்கியது. அவன் கொடுக்கும் தீனுக்கு அது இப்படிக் கொழுக்க முடியாது. அவன் சொல்லிக்கொடுக்காத பாடங்களும் அதற்குத் தெரிந்திருந்தன. ஒருநாள் கதவைத் திறந்ததும் சொல்லாமலே உட்கார்ந்து, முன்காலொன்றைத் தூக்கி நீட்டியது. வீடியோவில் அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. பொறுமையாகப் பழக்கினால் நாய் தானாகவே படிக்கும் போலிருக்கிறது என்று அவன் அதிசயித்தான். மாமியின் செருப்புச் சத்தம் வெளியே கேட்டால் குட்டிக்கே உடம்பெல்லாம் நடுங்கியது. நடுக்கம் வாலில்தான் ஆரம்பிக்கும். பாவம், இதற்கும் அந்தப் பயம் பிடித்துவிட்டதே என்று முபாறக் அதன் தலையைத் தடவிக்கொடுத்தான். தடவிவிட்டு மண்ணுக்குப் போனான்.

றஸ்னா கண்டுபிடித்தது அந்த மண்ணால்தான். புருஷன் ஏன் மறைந்து மறைந்து சிரட்டையோடு திரிகிறார் என்று பின்னால் வந்து பார்த்தவள், கதவிடுக்கால் குட்டியைக் கண்டதும் பசளை மூட்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். உம்மாவுக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் இருக்க முடியாது என்றாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள வயலுக்குக் கொண்டு போயிருங்க. பிடிபட்டா எனக்கு ஒண்டும் தெரியாது, சொல்லிப்போட்டன்.”

முபாறக் யோகராசாவுக்குக் கோல் எடுத்தான். இவ்வளவு சின்னதை வாடியில் விட்டால் நரி தூக்கிக்கொண்டு போய்விடும், இன்னும் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும் என்றார் அவர். போனை வைத்துவிட்டு முபாறக் பசளை அறைக்குள் போய்க் குட்டிக்குப் பக்கத்தில் குந்தினான். இதுவரை இருந்த மூன்று பயமும் தனக்காகப் பட்ட பயம். இது நாலாவது. குட்டிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம். நாய்க்குப் பயந்த மனிதன் நாய்க்காகப் பயப்படுகிற காலமும் வந்துவிட்டது என்று அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறு தின்று, மாமி வழக்கமாகச் சாய்கிற நேரம். றஸ்னா வைத்த தவணைக்கு வேறு வழி தெரியாமல் முபாறக் குட்டியை ஒரு துணிப்பைக்குள் வைத்தான். சத்தம் போடாதே என்று காதோடு சொன்னான். அது சத்தம் போடவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளை. அவனுக்குக் கண் கலங்கியது.

பின்பக்கத்திலிருந்து தெருவுக்குப் போக வீட்டுக்குள்ளால் தவிர வேறு வழியில்லை, மதிலோடு மதிலாகக் கட்டிய வீடு. ஸகியாவின் வளவால் போனால் அவளுடைய பிள்ளைகள் பார்த்துக் கூவிவிடும். முபாறக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கால் விரலில் நடந்து, மண்டபத்தின் நடுவுக்கு வந்தான்.

மாமி படுத்திருக்கவில்லை. வாசலுக்கு நேரே கதிரையில் உட்கார்ந்திருந்தார். சீலை இல்லை, மகள் இல்லை, இடையில் ஒன்றுமே இல்லை.

“மகன், பைக்குள்ள என்ன?”

கல்யாணம் முடித்த பிறகு மாமி அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

“பசளை மாமி.”

மாமியின் குரல் கேட்டதும் பசளை துள்ளியது. பையின் வாயால் முதலில் ஒரு காது வந்தது, பிறகு மூக்கு வந்தது. முபாறக் அமத்திப் பிடிப்பதற்குள் முழுக் குட்டியும் டைல்ஸில் குதித்து, வழுக்கி, நேரே மாமியின் காலடியில் போய் நின்றது. ஒருவரும் சொல்லாமலே உட்கார்ந்தது. முன்கால் ஒன்றைத் தூக்கி நீட்டியது. அதுவும் போதாதென்று மாமியின் பெருவிரலை ஒரு நக்கு நக்கியது.

அறைக் கதவில் றஸ்னாவின் முகம் தெரிந்து மறைந்தது.

மாமியின் முகம் வெள்ளையாகிப் போனது.  இவ்வளவு கோபத்தை முபாறக் வாழ்க்கையில் கண்டதில்லை. ஏசுவார் என்று காத்திருந்தான். அவர் ஏசவில்லை. குட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வெறும் பையைப் பார்த்தார். 

“எங்க கொண்டு போறீங்க அத?”

“வயலுக்கு மாமி. நான்… அது வந்து…”

“முதல்ல கொஞ்சம் மண் எடுத்திட்டு வாங்க மகன்” என்றார் மாமி, காதில் விழுந்தும் விழாத குரலில். “பிறகு கதைப்பம்.”

பிறகு என்ன கதைப்பார் என்று அவனுக்குத் தெரியாதா? முபாறக் சிரட்டையை எடுத்துக்கொண்டு பின்மதிலுக்கு ஓடினான். இன்றைக்கே உடுப்பைக் கட்டிக்கொண்டு மருதமுனையில் உம்மா வீட்டுக்குப் போக வேண்டும். வாப்பா வாசலில் நின்று ஏன் வந்தாய் என்று கேட்பார். அதையாவது சகிக்கலாம். குட்டியை எங்கே கொண்டுபோவது? இருளப்போகிற வயலில், ஒரு பக்கம் கூரை இல்லாத வாடியில், நரிக்கு முன்னால், சத்தம் போடாமல் இருந்தால் யாராவது ஒரு துண்டு தருவார்கள் என்று அது நம்பி உட்கார்ந்திருக்குமே. அந்த நினைப்பில் அவனுக்கு மண் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு அள்ளினான்.

மதிலுக்கு அப்பால் ஸகியா பாய் உதறிக்கொண்டு நின்றாள்.

“பூச்சாடிக்கா நானா?”

இனி மறைக்க என்ன இருக்கிறது? “இல்ல ஸகியா. நாய் ஒண்டு மாமிட கால நக்கிப்போட்டுது.”

ஸகியா பாயைக் கீழே போட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மதிலுக்குக் கிட்ட வந்தாள்.

“அப்ப நீங்களும் கண்டுட்டீங்க. மாமிக்கெண்டா அந்தக் குவியல் வேணாம் நானா, அவ நாளாந்தம் அள்ளுறது இஞ்சால கிடக்கிற நல்ல மண்ணில. அவதான் எனக்குச் சொன்னா, எங்கிருந்தோ பசளை அறைக்குள்ள வந்து சேந்த குட்டியாம், தான்தான் தீன் போடுறாவாம், மருமகனுக்கு நாயெண்டாப் பயமாம், தெரிஞ்சா வீட்ட விட்டுப் போயிருவாராம், ஆரும் கேட்டாப் பூச்சாடிக்கெண்டு சொல்லட்டாம்.”